பாட்டை நிறுத்திட்டு அரசியல் பேச்சு: ஏழு வினாடி டிலே போதுமாமே!

கன்சோல்காரன்: உள்ளூர் எஃப்எம் ஒன்று பாட்டை விட்டுட்டு முழுநேர அரசியல் பேச்சுக்கு மாறுவது பற்றி நேற்று இந்த மன்றத்தில் சிற்றலை அருளியது: "ஒரு மைக், ஒரு போன் லைன், ஏழு வினாடி டிலே. வேலை முடிஞ்சது." எங்கே முடிஞ்சது? டிலேன்னா பேச்சைச் சில வினாடி தாமதித்து ஒலிபரப்புவது, தப்பு வந்தால் வெட்டுவதற்காக. ஏழு வினாடி கெட்ட வார்த்தைக்கான அளவு. அரசியல் காலர் கெட்ட வார்த்தை பேச மாட்டார், அவதூறு பேசுவார். நம்ம மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். "இன்ன வேட்பாளர்... இன்ன ஒப்பந்தத்துக்காக... இன்னார் மூலமா... இவ்வளவு பணம் வாங்கினார்." தடுமாறிச் சொன்னால் பத்து வினாடி. "வாங்கினார்" காதில் விழுந்து, புரிந்து, டம்ப் பட்டனில் (தாமதத்தில் இருக்கும் பேச்சை எறியும் பட்டன்) கை போக இன்னும் ரெண்டு. ஆக 12. அந்த நேரம், 12ல் ஏழு போக, ஐந்தாவது வினாடி வரைக்கும் காற்றில் போயாச்சு. பெயர் போச்சு, ஒப்பந்தம் போச்சு.

சிற்றலை: வினைச்சொல் போகலையே. வினை இல்லாமல் அவதூறு ஏது? ஏழு போதும். காலம் காலமா ஏழுதான்.

கன்சோல்காரன்: பெயரையும் ஒப்பந்தத்தையும் கேட்டுட்டு, அப்புறம் பேச்சு வெடுக்கென்று வெட்டுப்பட்டால், மீதியை நேயரே போட்டுக்குவார். காலர் சொன்னதைவிடக் கூடுதலாகவே போடுவார்.

இன்னொன்று. ஏழு வினாடியையும் ஒரே அழுத்தில் எறிந்தால் கையில் பூஜ்யம். டிலே பெட்டி பேச்சை இழுத்து இழுத்துத்தான் மறுபடி டிலே சேர்க்கும். பத்து சதவீதம் இழுத்தால் ஏழு வினாடி சேர 70 வினாடி. அந்த 70 வினாடியும் பாதுகாப்பு அரைகுறை. அதே கோபக்காரர் லைனில் இருந்தால் அடுத்த குண்டு அப்பவே விழும். 40 வினாடி வைத்து நாலு துண்டாகப் பிரித்தால் ஒரு அழுத்துக்குக் கடைசிப் பத்து போகும். ரெண்டு அழுத்து அழுத்தினாலும் 20 மிஞ்சும்.

மைக்முன்: 40 வினாடியா! ஆர்ஜே "மணி சரியாகப் பத்து"ன்னு சொல்வார், ஊருக்குப் பத்து மணி 40 வினாடிக்குக் கேட்கும். அடுத்து நேரத்துக்கு நெட்வொர்க் செய்தி சேரணும். யார் சேர்ப்பது?

கன்சோல்காரன்: 40 வினாடி முன்னாடியே பேச்சை முடிக்கணும். மீதி பெட்டியிலிருந்து ஓடி முடிய, செய்தி சரியா விழும். இதுகூடத் தெரியாதா?

நாழிகைவட்டில்: ஒரு திருத்தம். ஒரு நாழிகை 24 நிமிடம். நாழிகைக்கு 60 விநாடி. ஆகவே ஒரு விநாடி என்பது இன்றைய கணக்கில் 24 நொடி. நீங்கள் சொல்லும் ஏழு விநாடி 168 நொடி ஆகிறது. அதன்படி சிற்றலை சொன்னதே சரி.

மைக்முன்: 😂 கன்சோலார் தோற்றார்.

கன்சோல்காரன்: பெட்டி முகப்பில் நாழிகையா ஓடுது? போய் வேற இழை தொடங்குங்க.

சிற்றலை: பாட்டு இழையில் ஸ்டீரியோ வேணும்னு சண்டை போட்டவர்தானே இவர். பேச்சுக்கு மாறினால் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டை (ஸ்டீரியோ இருக்குன்னு ரேடியோவுக்குச் சொல்லும் அலை) அணைத்து மோனோவில் விட்டால் ஓரத்து ஊர்களில் இரைச்சல் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். போன் குரலே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ். அதற்கு எதுக்கு இடம் வலம்? இதைப் பற்றி ஏன் வாயே திறக்கல?

கன்சோல்காரன்: ஏன்னா அதில் உங்களோடு சண்டை இல்லை. டிலேக்கு வாங்க. இன்னொரு சங்கதி: காலருக்குத் திருப்பி அனுப்புகிற ஒலி, அதாவது அவர் குரலை மட்டும் கழித்த மிக்ஸ் மைனஸ், டிலேக்கு முன்னால் எடுத்ததா இருக்கணும். ஆர்ஜே ஹெட்ஃபோனுக்கும் அப்படியே, ரேடியோவில் வருவதைக் கொடுத்தால் தன் குரலே பின்னால் துரத்தும், நாக்கு குழறும். காலரை லைனில் விடுவதற்கு முன் விசாரிக்கிற ஸ்க்ரீனர் முதல் கேள்வியாகவே "ரேடியோவை அணைச்சீங்களா?"ன்னு கேட்கணும். இதெல்லாம் "ஒரு மைக், ஒரு போன் லைன்" கணக்கில் எங்கே?

மைக்முன்: அமெரிக்காவில் 1987ல் சம நேர விதியை எடுத்ததும்தானே இந்த அரசியல் பேச்சு வியாபாரம் பெருத்தது? அங்கே இத்தனை பதற்றம் இல்லை.

கன்சோல்காரன்: 1987ல் போனது நியாயக் கோட்பாடு (சர்ச்சையான விஷயத்தில் எதிர்க்கருத்துக்கும் இடம் கொடுக்கணும் என்பது), 1949ல் வந்தது. வேட்பாளர்களுக்கான சம வாய்ப்பு 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, இன்னும் இருக்கு. ரெண்டையும் குழப்புகிறவர் தேர்தல் நேரத்தில் ஸ்க்ரீனராக உட்கார்ந்தால் நிலையம் அதோகதி.

சிற்றலை: வரலாறு நல்லாத்தான் இருக்கு. நல்ல ஸ்க்ரீனர் இருந்தால் ஏழே அதிகம்.

கன்சோல்காரன்: ஸ்க்ரீனரிடம் "சாலைப் பள்ளம் பற்றிப் பேசணும்"னு சொல்லிட்டு லைனில் வந்ததும் வேட்பாளர் பெயரில் ஆரம்பிக்கிறவரை ஸ்க்ரீனர் என்ன செய்வார்? அங்கே நிற்பது டிலே மட்டும்தான்.

சிற்றலை: ஏழு.

நாழிகைவட்டில்: விநாடியா, நொடியா?

கன்சோல்காரன்: 12வது வினாடியில் அழுத்தினால் எது காற்றில் போயிருக்கும்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சிற்றலை. மூணாவது தடவை கேட்கிறேன்.

மைக்முன்: ரெண்டாவது தடவைதான். எண்ணிப் பார்த்தேன்.