மறு: 'ஹாப்' தமிழில் எப்படி? தாவலா, எட்டா, கடவையா?

அனைவருக்கும் வணக்கம்.

வலையமைப்பில் வரும் 'ஹாப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழை வால்போல நீண்டுகொண்டே போகிறது. வந்த மடல்களில் பாதி, ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு நொண்டியடிப்பதா, துள்ளுவதா, தாவுவதா என்றே சுற்றிச் சுற்றி வருகின்றன. வலையமைப்பில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல் தேடினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி.

எனக்கு இதில் கொஞ்சம் அவசரமும் உண்டு. கோலாலம்பூரில் பல்கலைக்கழக முதலாண்டுப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளையில் வலையமைப்பு அடிப்படைகளைத் தமிழில் விளக்கி வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இப்போது ஆங்கிலப் பாடநூலைப் புரட்டுகிறவர்கள். ரௌட்டருக்கு மலாயில் 'பெங்ஹாலா' என்று சொல்கிறார்கள், 'ஹாலா' என்றால் திசை. அதைத் தெரிந்த பிள்ளைகளிடம் 'திசைவி' என்றதும் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை, சொல்லே வேலையைச் செய்துவிட்டது. ஹாப்புக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணினியிலிருந்து ஒரு பொட்டலம் கிளம்புகிறது (பொட்டலமா, பொதியா, சிப்பமா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம்). அது முதல் திசைவிக்குப் போகிறது. திசைவி அதன் தலைப்பகுதியைப் பிரித்து, சேர வேண்டிய ஐபி முகவரியைப் பார்த்து, தன்னிடமுள்ள வழிப்பட்டியலில் தேடி, அடுத்து யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்து, டிடிஎல் எண்ணில் (பொட்டலம் இன்னும் எத்தனை திசைவி வரை போகலாம் என்று தலைப்பகுதியில் இருக்கும் கணக்கு) ஒன்றைக் கழித்து, புதிய சட்டகத்தில், அதாவது அடுத்த இணைப்புக்கான உறையில், வைத்து அனுப்புகிறது. இப்படி ஐபி முகவரியை வைத்து வழி பார்க்கும் மூன்றாம் அடுக்கில் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போய்ச் சேரும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஹாப். நடுவில் எத்தனை சுவிட்ச் இருந்தாலும் கணக்கில் வராது, அவை ஒரே வலைக்குள் சட்டகங்களைக் கடத்தும் இரண்டாம் அடுக்கோடு நின்றுவிடுகின்றன. வெறும் வைஃபை அணுகுபுள்ளியும் வராது. வீட்டில் இருக்கும் பெட்டி கணக்கில் வருவது, அதற்குள் திசைவியும் சேர்ந்தே இருப்பதால்தான்.

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஆய்வகத்தில் மூன்று சுவிட்சையும் ஒரு திசைவியையும் இணைத்து வைத்தால், வழியில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் எண்ணிச் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் எல்ஆர்டி நகர ரயிலைக் காட்டுவேன். பங்சாரில் கெலானா ஜெயா தடத்தில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி அம்பாங் தடத்துக்கு மாறுகிறவர், வழியில் ரயில் நின்ற நிலையங்களை எண்ணுவதில்லை, எங்கே மாறினோம் என்பதைத்தான் எண்ணுகிறார். நின்று, பலகையைப் பார்த்து, இனி எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும் இடம் அது.

தூரமும் கணக்கில்லை. இதைச் சொல்லும்போது பினாங்கை இழுக்காமல் இருக்க முடியாது. 1870இல் மதராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். இன்றும் பினாங்குக்கும் சென்னைக்கும் நடுவே வங்காள விரிகுடாவின் அடியில் ஒளியிழை வடம் கிடக்கிறது. அந்த வடத்தில் ஒளி தேய்ந்துபோகாமல் இருக்க, வழி நெடுகப் பெருக்கிகள் இருக்கும். ஆனால் இரு கரையிலும் உள்ள திசைவிகள் நேரடியாகப் பேசிக்கொண்டால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கடல் முழுக்க ஒரே ஒரு ஹாப்தான், பெருக்கிகள் எதுவும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதே சமயம் ஒரு தரவு மையத்தில், ஒரே அடுக்குச் சட்டத்தில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு திசைவிகளுக்கு நடுவில் ஒரு முழ வயரும் ஒரு ஹாப்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு முன்மொழிவுகளைப் பார்க்கலாம்.

> தாவல் என்றே வைத்துக்கொள்ளலாம், ஏற்கனவே சில பட்டியல்களில் இருக்கிறது

கோவை ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை. உலாவியின் 'டேப்'புக்குத் தாவல் என்று பலர் எழுதுகிறார்கள் என்பதைக்கூட விட்டுவிடுவோம், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு. தாவுவது என்றால் நடுவில் இருப்பதைத் தொடாமல் மேலே போவது. வேலியைத் தாவினான், இரண்டு பக்கத்தைத் தாவிவிட்டுப் படித்தான் என்கிறோம். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். பொட்டலம் எந்தத் திசைவியையும் தாவுவதில்லை, ஒவ்வொன்றின் உள்ளேயும் போய், பிரிக்கப்பட்டு, படிக்கப்பட்டு வெளியே வருகிறது. 'எட்டுத் தாவலில் போனது' என்றால், எட்டுத் திசைவிகளைத் தொடாமலே போய்விட்டது போலக் கேட்கிறது. துள்ளலுக்கும் இதே பதில்தான்.

> ஒரு எட்டு போய்ட்டு வா என்கிறோமே, அந்த எட்டு?

சிங்கப்பூர் நண்பர் எழுதியது. நல்ல தமிழ் வழக்கு, படித்ததும் சபாஷ் என்று சொல்லத் தோன்றியது உண்மை. காலெடுத்து வைக்கும் அளவு, ஒன்று முடிந்து அடுத்தது, எல்லாம் பொருந்துகிறது. ஆனால் இந்தச் சொல் தன்னோடு எப்போதும் ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டே நடக்க வேண்டியது. 'எட்டு எண்ணிக்கை எட்டு' என்று தேர்வுத்தாளில் எழுத வேண்டிவரும். போதாததற்கு, ஐபி முகவரியே எட்டெட்டுப் பிட்டாக நான்கு துண்டு. ஒரே பாடத்தில் இரண்டு எட்டுகளை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்க எனக்குத் தெம்பில்லை.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்ன 'கைமாற்றம்', பொருளளவில் மிக அருகில் வருகிறது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்பது சரியான படம். ஆனால் கைப்பேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்த கோபுரத்துக்கு மாறும் செயலுக்கு அந்தச் சொல் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும், அதை அங்கே விட்டுவைப்பது நல்லது. கைமாற்று என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது திருப்பித் தராத கடன் என்பது தனிக்கதை.

எனவே என் வாக்கு யாழ்ப்பாணத்து அண்ணன் முன்வைத்த 'கடவை'க்கு. இலங்கையில் ரயில் கடவை, பாதசாரிக் கடவை என்று நாள்தோறும் புழங்குகிற சொல். எங்களுக்கு மலேசியாவில் அவ்வளவு பழக்கமில்லை, ஆனாலும் 'கட' என்ற வேர் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. கடப்பதில் தாவுவது இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேருவதுதான் இருக்கிறது. தூரத்தைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை. தெருவையும் கடக்கலாம், கடலையும் கடக்கலாம். கடவுச்சொல்லோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று சொல், மற்றது எண்ணிக்கைக்கு உட்பட்ட ஒரு கட்டம், வாக்கியத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து மோதும் வாய்ப்புக் குறைவு.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க நான் அதைத் தேர்வுக் கேள்வி வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பேன். அடிப்படைப் பாடத்தில் கட்டாயம் வரும் வாக்கியம் ஒன்று: 'கடவைதோறும் மேக் முகவரி மாறும், ஐபி முகவரி முனைக்கு முனை மாறாது.' மேக் முகவரி என்பது கருவியின் வலை அட்டைக்கு உரியது. நடுவில் ஐபி முகவரியை மாற்றி எழுதும் 'நாட்' என்ற ஏற்பாடு இல்லாதவரை இது சரி. 'கடவைதோறும்' என்பது எவ்வளவு இயல்பாக உட்காருகிறது பாருங்கள். 'தாவல்தோறும்', 'எட்டுதோறும்' என்று அதே இடத்தில் போட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கே திரும்பி வந்துவிடும்.

இப்போது டிடிஎல். என் கருத்தில் இந்தச் சொல்லின் உண்மையான பயன் இங்கேதான், இதுவரை யாரும் தொடவில்லை. பல தமிழ்க் குறிப்புகளில் இதை 'வாழ்நாள்', 'ஆயுட்காலம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். 'டைம் டு லிவ்' என்ற ஆங்கிலப் பெயரில் காலம் இருப்பதால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1981இல் வந்த, ஐபி நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 791 ஆவணம், இதை நொடிக் கணக்காகவே வரையறுத்தது, கூடவே ஒவ்வொரு திசைவியும் குறைந்தது ஒன்றாவது கழிக்க வேண்டும் என்றது. நடைமுறையில் நொடியை யாரும் அளக்கவில்லை, ஒன்றைக் கழிப்பது மட்டும் நின்றது. 1995இல் ஐபி பதிப்பு 6ஐ வரையறுத்தபோது அந்தப் புலத்தின் பெயரையே ஹாப் வரம்பு என்று மாற்றிவிட்டார்கள். அவர்களே கைவிட்ட காலத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? கடவை வரம்பு என்று போடலாம், இரண்டு பதிப்புக்கும் பொருந்தும். 8 பிட் புலம், உச்சம் 255, பூச்சியமானால் பொட்டலம் கைவிடப்படும், இல்லாவிட்டால் வழிப்பட்டியலில் தவறு நேர்ந்து வட்டமடிக்கும் பொட்டலங்கள் என்றென்றும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆனால் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) பதிவுகளிலும் ஒரு டிடிஎல் இருக்கிறது, அது நிஜமாகவே நொடி. அந்த விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது. அதற்கு ஆயுட்காலம் சரியாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளுக்குள் இரண்டு பொருள் மாட்டிக்கொண்டு மாணவர்களைக் குழப்புகிறது, தமிழில் நமக்கு இரண்டு சொல் வாய்த்திருக்கும்போது ஒன்றாக்க வேண்டிய அவசியமில்லை. தேர்வில் டிடிஎல் என்றுதான் கேட்பார்கள், அதையும் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறேன்.

எண்ணிக்கையில் ஒன்று கூடுமா குறையுமா என்று அண்ணன் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையின் பதிலில் டிடிஎல் 57 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினி பெரும்பாலும் 64இல் தொடங்கும், விண்டோஸ் 128இல். இது 64இல் தொடங்கியது என்று கொண்டால், திரும்பி வந்த பாதையில் 7 திசைவிகள் கழித்திருக்கின்றன. 7 திசைவி என்றால் அவற்றுக்கு இடையிலும் இரு முனையிலுமாக 8 கட்டம். போன பாதையும் அதுவே என்றால், வழியிலுள்ள திசைவிகளை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் சேருமிடம் எட்டாவது வரியில் நிற்கும். அதனால் கட்டத்தைத்தான் கடவை என்று வரையறுப்போம்: 8 கடவை, 7 திசைவி. திசைவிகள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பழைய ரிப் நெறிமுறையில் 15 வரைதான் அனுமதி, 16 என்றால் எட்ட முடியாத இடம் என்று பொருள். இதையும் கடவை எண்ணிக்கை என்றே சொல்லலாம், பிள்ளைகளுக்குக் கணக்குத் தெளிவாக இருக்கும்.

ட்ரேஸ்ரூட் வேலை செய்யும் விதமே கடவை வரம்பை வைத்துச் செய்யும் ஒரு குறும்புதான். முதலில் வரம்பு 1 வைத்து அனுப்பினால் முதல் திசைவியிலேயே செத்துப்போய், 'காலாவதியாகிவிட்டது' என்று அதனிடமிருந்து ஒரு ஐசிஎம்பி (வலையமைப்பில் பிழை அறிவிக்கும் நெறிமுறை) மடல் வரும். அடுத்து 2, அப்புறம் 3. சாகும் இடங்களைக் கோத்தால் பாதை கிடைத்துவிடும். அதில் வருவதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சில திசைவிகள் பதில் சொல்லாமல் நட்சத்திரக் குறியாக நிற்கும், சில நிறுவனங்கள், குறிச்சீட்டு ஒட்டிப் பொட்டலத்தைக் கடத்தும் எம்பிஎல்எஸ் சுரங்கத்துக்குள் பல திசைவிகளை மறைத்துவிடும், வெளியே பார்ப்பவருக்கு அத்தனையும் ஒரே கடவையாகத் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் கடவையைத் திணிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வழிப்பட்டியலில் 'நெக்ஸ்ட் ஹாப்' என்ற பத்தியில் இருப்பது ஒரு கட்டம் அல்ல, அடுத்த திசைவியின் முகவரி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் கொஞ்சம் தளர்வாகப் புழங்குகிறது. நாம் நேராக 'அடுத்த திசைவி' என்று எழுதினால் போதும், பிள்ளைகளுக்கு அங்கே 192.168.1.1 இருப்பதைப் பார்த்ததும் விளங்கிவிடும். சொற்பட்டியலின் ஒழுங்குக்காக 'அடுத்த கடவை' என்று வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், கேட்கத் தயார்.

ஹாப் என்றே எழுதிவிட்டால் என்ன என்று கேட்ட தம்பிக்கு: எழுதலாம், யாரும் தடுக்கவில்லை, தேர்வில் நீங்கள் அப்படித்தான் எழுதப் போகிறீர்கள். பொட்டலங்களுக்கு ஆங்கிலத்தில் 'பாக்கெட்' என்று பெயர் வைத்த பிரிட்டிஷ்காரர் டொனால்ட் டேவிஸ், 1960களின் நடுவில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற மொழிகளுக்கும் எளிதாகப் போகுமா என்று மொழியறிந்தவரிடம் கேட்டுக்கொண்டார். அவரே அவ்வளவு மெனக்கெட்டிருக்கும்போது, இந்தப் பக்கமிருந்து நாம் கொஞ்சம் மெனக்கெட்டால் குறைந்தா போய்விடுவோம்?

பினாங்கு அக்காவுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஆலையில் கம்பியில்லா உணரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தகவலைக் கடத்திக் கொண்டுபோகும் அமைப்பு இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதற்குப் 'பல்கடவை வலையமைப்பு' என்று எழுதினால் உங்கள் ஆட்களுக்குப் புரியுமா, அல்லது வேறு பெயர் ஏதும் வாய்வழக்கில் இருக்கிறதா?

அடுத்த ஆய்வக வகுப்புக்குக் கொடுக்கப்போகும் தாளில் கடவை, கடவை எண்ணிக்கை, கடவை வரம்பு, கடவைதோறும் நான்கையும் அடித்துவிடுகிறேன். 'அடுத்த திசைவி'க்கு மறுப்பு இருந்தால் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து