கேட்காத துறையின் அலமாரி

நூலகர், கொள்முதல் பிரிவு

எந்த நூலை வாங்குவது என்று நூலகத்தில் யார் முடிவு செய்கிறார்கள் என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. துறைகள் பரிந்துரைக்கின்றன, நூலகக் குழு ஒப்புதல் அளிக்கிறது, நாங்கள் வாங்குகிறோம் என்று நானும் நெடுநாள் ஒரே வரியில் விடை சொல்லி வந்தேன். அந்த விடையில் பொய் இல்லை. ஆனால் அது எவ்வளவு குறையுள்ளது என்பதை ஒரு சிறிய துறையின் அலமாரி எனக்குக் காட்டியது.

அந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்குப் போதுமான நூல் வளம் இருக்கிறதா என்று அறிக்கை தரும்படி என்னிடம் சொன்னார்கள். ஒரு பாடத்தில் நூலகம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைக் குறிக்க, ஆய்வு நூலகங்கள் 0 முதல் 5 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்திருக்கின்றன. 2 என்றால் அறிமுக நிலை, 3 என்றால் பாடம் நடத்தப் போதுமான நிலை, 4 என்றால் ஆய்வுக்கு உதவும் நிலை, 5 என்றால் அந்தப் பாடத்தில் வெளிவந்த ஏறத்தாழ எல்லாமே இருக்கும் நிலை. பட்டியலில் இருந்த தலைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து, 4 என்று எழுதிவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். பிறகு அந்தத் துறையின் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றை எடுத்து, அவற்றின் இறுதியில் உள்ள மேற்கோள் நூல்களை ஒவ்வொன்றாக எங்கள் பட்டியலில் தேடினேன். பத்து நூல்களைத் தேடினால் ஒன்றோ இரண்டோதான் கிடைத்தன. அலமாரிக்கே சென்று பார்த்தபோது, அங்கிருந்தவற்றில் மிகப் புதிய நூலே பதினோரு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்ததாக இருந்தது. அறிக்கையில் 2 என்றுதான் எழுத முடிந்தது.

காரணத்தைப் பரிந்துரைப் படிவங்களின் கோப்பில் கண்டேன். ஐந்து ஆண்டுகளில் அந்தத் துறையிலிருந்து ஒரு படிவம்கூட வரவில்லை. அங்கே பாடம் நடத்தியவர்கள் தற்காலிக ஆசிரியர்கள். நூல் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டென்றே அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதே ஐந்து ஆண்டுகளில் வேறொரு துறையின் ஒரே பேராசிரியர் கட்டுக் கட்டாகப் படிவங்களை அனுப்பியிருந்தார். அவர்மேல் குற்றமில்லை, தம் கடமையைச் செய்தார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதுபோல, கேட்ட இடத்துக்கே பணம் போய்க்கொண்டிருந்தது. நாங்களும் வந்த படிவங்களுக்கு ஒழுங்காக நூல் வாங்கிக் கொடுத்ததையே தேர்வு என்று நம்பியிருந்தோம்.

அதன் பிறகு எங்கள் சேகரிப்புக் கொள்கையை மாற்றி எழுதினோம். மாணவர் எண்ணிக்கை, ஆய்வாளர் எண்ணிக்கை, அந்தப் பாடத்து நூல்களின் சராசரி விலை, முந்தைய பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே துறைவாரி ஒதுக்கீடு செய்கிறோம். அதோடு, யாரும் கேட்காத நூல்களை நூலகரே தேர்ந்து வாங்குவதற்கென ஒரு பங்கைத் தனியே வைக்கிறோம். புதிய பாடத்திட்டம் எதுவும் ஒப்புதல் பெறுமுன் அதன் நகல் நூலகத்துக்கு வந்தாக வேண்டும் என்பதையும் விதியாக்கினோம். என்னைக் கேட்டால், ஒதுக்கீட்டுச் சூத்திரத்தைவிட இந்த விதியே அதிகம் பயன் தந்தது.

படிவம் வந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒரு தவறு எங்களுக்கும் நேர்ந்தது. முதல் வேலை, அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா, வரவேண்டிய பட்டியலில் நிற்கிறதா என்று பார்ப்பது. நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொண்டு தேடினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு இன்னோர் எண். சில நூல்களுக்கு ஒரு நாட்டில் ஒரு தலைப்பும் இன்னொரு நாட்டில் வேறு தலைப்பும் உண்டு. அப்படியொரு நூலை இருமுறை வாங்கிவிட்டோம். சேர்க்கைப் பதிவேட்டில் இரண்டுக்கும் எண் ஏறி, முத்திரை குத்தி, அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணை முதுகில் ஒட்டும்போதுதான் பணியாளர் ஒருவர் இரண்டையும் திறந்து அருகருகே வைத்துப் பார்த்தார்: பொருளடக்கம் ஒன்றே, முன்னுரையும் ஒன்றே. முத்திரை விழுந்த நூலை விற்பனையாளர் திரும்பப் பெறமாட்டார். அன்றுமுதல் ஆசிரியர் பெயரைக் கொண்டும் தேடிப் பார்த்த பிறகே ஆணை அனுப்புகிறோம்.

பேராசிரியர், நூலகக் குழு உறுப்பினர்

மேலே சொல்லப்பட்ட பேராசிரியரைப் போல நானும் நிறையப் படிவம் அனுப்பியவன். ஒருநாள் வேறொரு நூலைத் தேடிச் சென்றபோது, என் பரிந்துரையில் வாங்கிய நூல்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு மகிழ்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். ஏழு நூல்களில் ஐந்தின் சீட்டு வெறுமையாக இருந்தது. ஒன்றில் பக்கங்களின் ஓரம் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. அது உண்மையிலேயே என்னை வருத்தியது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்து 1979இல் வெளியான ஆய்வு, அந்த நூலகம் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அடுத்த 6 ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் செல்லவில்லை என்று காட்டியது. ஒவ்வொரு நூலுக்கும் வாசகர் உண்டு என்பது இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது. அந்த விதியையும் இந்தக் கணக்கையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொண்டுதான் இப்போது படிவத்தை நிரப்புகிறேன். 'இந்த நூலை யார், எந்தப் பாடத்துக்காகப் படிப்பார்?' என்ற கட்டத்தை முன்பு வெறுமையாக விடுவேன். இப்போது அதை நிரப்ப முடியாவிட்டால் படிவத்தையே அனுப்புவதில்லை.

ஆனாலும் இரவல் கணக்கை மட்டுமே நம்பிவிடக் கூடாது. அலமாரி ஓரத்தில் நின்றபடி பத்துப் பக்கம் படித்துவிட்டு வைத்துவிடும் வாசகரைத் தேதிச் சீட்டு அறியாது. அகராதிகளும் மூலப் பதிப்புகளும் ஆண்டுக்கு ஒருவருக்குப் பயன்பட்டாலே அவற்றின் வேலை முடிந்தது என்பது என் கருத்து.

ஆய்வு மாணவி

என் வாசிப்பே ஒரு நூலை வாங்க வைத்த அனுபவம் எனக்கு உண்டு. நூலகப் பட்டியலில் ஒரு மின்னூலைக் கண்டு திறந்து, ஒரு பிற்பகல் முழுவதும் படித்தேன். அது அதுவரை நூலகத்துக்குச் சொந்தமானதன்று என்பது எனக்குத் தெரியாது. வாங்காத நூல்களின் பதிவுகளையும் பட்டியலில் ஏற்றிவைத்து, ஒரு வாசகர் குறிப்பிட்ட அளவு பக்கங்களையோ நேரத்தையோ கடக்கும்போது கொள்முதல் தானாக நிகழும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நூலகர் அம்மா பின்னர் விளக்கினார். என் தேவை யாருடைய கையொப்பமும் இல்லாமல் மதிக்கப்பட்டது என்று அன்று மனம் நிறைந்தேன்.

ஆனால் அடுத்த ஆண்டு நேர்ந்தது வேறு. என் இரண்டாம் இயலுக்கு அடிப்படையாக இருந்த இன்னொரு மின்னூல் ஒருநாள் காலையில் பட்டியலிலேயே இல்லை. நான் எடுத்திருந்த குறிப்புகளில் பக்க எண்கள் இருந்தன. சரிபார்க்க நூல் இல்லை. அது சந்தாத் தொகுப்பில் வந்த நூல், வெளியீட்டாளர் தொகுப்பிலிருந்து விலக்கிக்கொண்டார் என்றார்கள். வேறொரு நூலகத்திலிருந்து இரவல் வர மூன்று வாரம் ஆயிற்று.

நன்கொடை நூல்களைக் கவனிப்பவர்

ஒரு செய்தி மட்டும். பெரியவர் ஒருவரின் வீட்டு நூல்களை வண்டியில் ஏற்றிவந்து இறக்கும்போது வேண்டாம் என்று சொல்வது கடினம். ஆனால் விலையில்லாமல் வரும் நூலுக்கும் பட்டியலிடும் உழைப்பும் அலமாரி இடமும் செலவாகின்றன. பூச்சி அரித்த ஒரு பெட்டி மற்றவற்றையும் கெடுக்கும். அதனால் முதலில் நூல்களின் பட்டியலைக் கேட்டு வாங்குகிறேன். எதை ஏற்பது, எதைத் திருப்புவது என்பதை நூலகமே முடிவு செய்யும் என்று எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே பெட்டிகளைத் திறக்கிறேன்.

நூலகர், கொள்முதல் பிரிவு

மாணவி எழுதியிருப்பதற்கு நான் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மின்வளத்தில் நாம் பெரும்பாலும் வாங்குவது நூலையன்று, உரிமத்தைத்தான். எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம், பிற நூலகங்களுக்கு இரவல் தரலாமா, சந்தா நின்ற பிறகு முன்பு பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களாவது நமக்குக் கிடைக்குமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் சொற்களில் இருக்கின்றன. விலையைப் பேரம் பேசுவதில் காட்டும் அக்கறையை இந்த வரிகளிலும் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். இதழ்ச் சந்தாக்களின் விலை ஆண்டுதோறும் ஏறுவதால், நூல்களுக்கான பங்கு சிறிது சிறிதாகக் கரைகிறது என்பதும் உண்மை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019இல் எல்செவியர் என்ற பெரிய ஆய்விதழ் வெளியீட்டு நிறுவனத்தின் இதழ்ச் சந்தாவைப் புதுப்பிக்காமல் நிறுத்தி, 2021இல்தான் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகமே அந்த நிலைக்கு வந்ததென்றால், சிறிய நூலகங்களின் நெருக்கடியை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு மின்னூலைத் திறக்க முயன்று, ஒரே நேரத்தில் படிக்க உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கை நிறைந்துவிட்டதால் திரும்பியவர்களின் எண்ணிக்கை பயன்பாட்டு அறிக்கையில் தனியே வரும். முன்பு அந்தப் பகுதியை நாங்கள் புரட்டியதே இல்லை; இப்போது மாதந்தோறும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். மாணவி குறிப்பிட்ட நூலை, அவர் எழுதிக் கேட்ட பிறகு, நிரந்தர உரிமத்தோடு மூன்று பேர் ஒரே நேரத்தில் படிக்கும்படி வாங்கினோம். அச்சுப்படி ஒன்றும் அந்தச் சிறிய துறையின் அலமாரியில் இருக்கிறது. நேற்று அதன் தேதிச் சீட்டைப் பார்த்தேன். நான்கு முத்திரைகள் விழுந்திருந்தன.