கூட்டரசுக் கடன்: செலவைக் கட்டுப்படுத்தினால் எவ்வளவு குறையும்? எம்.பி.யிடம் எதைக் கேட்பது?

சிப்புட்காரன்:
அடுத்த மாதம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாடாளுமன்ற உறுப்பினரோடு ஒரு சந்திப்பு ஏற்பாடாகியிருக்கு. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் கமிட்டி, சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் எல்லாம் வருவாங்க. வழக்கமா கால்வாய், தெருவிளக்கு, கோயில் மானியம்னு நேரம் போயிடும். இந்த முறை நாட்டுக் கடனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கோம்.

2024 கடைசியில் மலேசியக் கூட்டரசு (மத்திய) அரசாங்கத்தின் கடன் ஏறக்குறைய 1.25 டிரில்லியன் ரிங்கிட். விரயத்தையும் லஞ்சத்தையும் நிறுத்தினாலே அடைச்சிடலாம்னு ஒரு சாரார், அதெல்லாம் கடலில் கரைச்ச பெருங்காயம்னு இன்னொரு சாரார். எது சரி? அமைச்சர் சம்பளத்தைக் குறைங்கன்னு கைதட்டலுக்குக் கேட்கிற கேள்வி வேண்டாம். மழுப்ப முடியாத கேள்வியாச் சொல்லுங்க.

கிராணி_கணக்கு:
தம்பி, முதல்ல "அடைக்கிறது"ங்கிற சொல்லை விட்டுடுங்க. பட்ஜெட்டில் பற்றாக்குறை இருக்கிற வரைக்கும் கடன் ரிங்கிட் கணக்கில் ஏறிக்கிட்டேதான் இருக்கும். குறையக்கூடியது விகிதம்தான், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கடன் எத்தனை பங்கு என்பது. 2024 முடிவில் அது சுமார் 64.6 விழுக்காடு, அந்த ஆண்டின் பற்றாக்குறை அதே உற்பத்தியில் 4.1 விழுக்காடு.

கணக்கை வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டுங்க. விலையேற்றத்தையும் சேர்த்துப் பொருளாதாரம் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளருதுன்னு வைங்க. 64.6-ஐ 1.06-ஆல் வகுத்தா 60.9. அதோட அந்த ஆண்டின் பற்றாக்குறையைக் கூட்டணும். பற்றாக்குறை 4.1-லேயே நின்னா 65.0, அதாவது ஒரு அடிகூட இறங்கலை. 3-ஆக இருந்தா 63.9. இப்படியே ஆண்டுக்கு ஆண்டு போட்டுக்கிட்டே போனா 60-க்குக் கீழே வர ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஆகும். 2-ஆக இருந்தா மூணே ஆண்டு. வளர்ச்சி 4-ஆகச் சரிஞ்சா, பற்றாக்குறை 3-ஆக இருந்தும் விகிதம் ஏறும்.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் (சட்டம் 850) வைத்த இலக்கு: மூணிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குள், கடன் 60-க்குள், அரசு உத்தரவாதங்கள் 25-க்குள், மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையாமல். மேலே போட்ட கணக்கோட ஒப்பிட்டா உங்க முதல் கேள்வி தானா வந்து நிக்கும்: பற்றாக்குறை 3-இல் நின்னா, எந்த வளர்ச்சி விகிதத்தை நம்பி ஐந்து ஆண்டில் 60-க்கு வரப் போறீங்க? இந்த இலக்குகளிலிருந்து அரசாங்கம் விலக வேண்டியிருந்தா காரணத்தை நாடாளுமன்றத்தில் வைக்கணும். அதையும் கேட்டு வைங்க.

சிப்புட்காரன்:
கணக்கு புரியுது அண்ணே. ஆனா நம்ம ஆளுங்க மித்ரா (இந்தியச் சமுதாய மேம்பாட்டுக்கான அரசு அமைப்பு) பணத்தில் இருந்துதான் ஆரம்பிப்பாங்க.

கிராணி_கணக்கு:
ஆரம்பிக்கட்டும், தப்பில்லை. ஆனா அளவு தெரிஞ்சு பேசணும். 2025 பட்ஜெட் 421 பில்லியன்: நிர்வாகச் செலவு 335, மேம்பாடு 86. அதில் கடன் வட்டிக்கு மட்டும் 54.7 பில்லியன். 365-ஆல் வகுத்தா ஒரு நாளைக்கு 150 மில்லியன். மித்ராவின் ஓராண்டு ஒதுக்கீடான 100 மில்லியன், நாட்டின் 16 மணி நேர வட்டி. மித்ராவுக்குக் கணக்குக் கேட்கிறது நம்ம உரிமை, ஆனா நாட்டுக் கடன் அதனால் குறையாது.

சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூணும் சேர்ந்தா நிர்வாகச் செலவில் ஏறக்குறைய 60 விழுக்காடு. இதில் ஒரே ஆண்டில் கை வைக்க முடியாது. வட்டியோ, கூட்டரசு அரசியலமைப்பின் 98-வது பிரிவுப்படி திரட்டு நிதியிலிருந்து (அரசாங்கத்தின் பொதுக் கருவூலம்) நேரா எடுக்கப்படுது, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது. வருமானத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் வட்டிக்குப் போகக்கூடாதுன்னு ஒரு நிர்வாக வரம்பு உண்டு. 2025 மதிப்பீட்டில் அது 16-ஐத் தாண்டிடுச்சு.

மீதியில் பெரியது உதவித்தொகை. 10 ஜூன் 2024-இல் தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறினது லோரிக்காரங்களுக்கும் செம்பனைச் சிறுதோட்டக்காரங்களுக்கும் மறந்திருக்காது. அதனால் மிச்சம்னு அரசு சொன்னது ஆண்டுக்குச் சுமார் 4 பில்லியன். 2024 பற்றாக்குறை சுமார் 79 பில்லியன். அவ்வளவு வலியும் தாங்கி, இருபதில் ஒரு பங்கு!

வரவையும் கவனிங்க. அரசாங்கத்தின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் கொடுத்த ஈவுத்தொகை 2022-இல் 50 பில்லியன், 2023-இல் 40, 2024-இல் 32. எண்ணெய் விலை ஏறின ஆண்டில் தொடங்கின நிரந்தரச் செலவு, விலை இறங்கினதும் கடனா மாறிடும்.

பால்மரம்:
கிராணி ஐயா சொன்ன அளவை ஒத்துக்கிறேன். ஆனா "விரயம் சின்னது" என்கிற மாதிரி முடிஞ்சிடக் கூடாது. நம்ம நாட்டில் அரசாங்கம் கடன் வாங்குவது மேம்பாட்டுச் செலவுக்கு மட்டும்தான் என்பது விதி. அதாவது தமிழ்ப்பள்ளியின் புதிய கட்டடம், கிளினிக், சாலை இதெல்லாம்தான் கடன் காசு. வேலை இழுத்தடிச்சாலும் வட்டி நிக்காது. 3 மில்லியனில் கட்டும் ஒரு கட்டடத்துக்கு 4 விழுக்காடு வட்டின்னா மாதம் 10,000 ரிங்கிட். பணம் கொடுத்து முடிச்சும் பிள்ளைங்க உள்ளே போக முடியாத ஒவ்வொரு மாதமும் இது வீண்.

கணக்காய்வு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது சில வகைதான். ஒரே வேலையைக் கூறு போட்டு ஒவ்வொன்றையும் டெண்டர் வரம்புக்குக் கீழே வைப்பது. செய்யாத வேலைக்குச் சான்றிதழ் போட்டுப் பணம் கொடுப்பது. தாமதத்துக்கான இழப்பீட்டை வசூலிக்காமல் விடுவது. அரசாங்கக் கட்டுமானக் குத்தகைக்கு 5 விழுக்காடு செயலாக்கப் பாண்டு உண்டு, அதாவது வேலையை முடிக்காமல் போனா அரசாங்கம் எடுத்துக்கக்கூடிய பிணை. கால நீட்டிப்புக் கொடுக்கும்போது பாண்டைப் புதுப்பிக்க மறந்தா, குத்தகையாளர் கைவிட்டுப் போகும்போது பாண்டு காலாவதியாகி இருக்கும். கையில் ஒன்றும் மிஞ்சாது.

இதுக்கு நீங்க செய்யக்கூடியது: வேலை நடக்கும் இடத்தில் உள்ள திட்டப் பலகையைப் படம் எடுங்க. திட்டத்தின் பெயர், செலவு, தொடக்க நாள், முடிவு நாள் இருக்கும். முடிவு நாள் தாண்டியிருந்தா நாலு கேள்வி: எத்தனை முறை கால நீட்டிப்பு? பாண்டு எந்தத் தேதி வரை செல்லும்? தாமத இழப்பீடு எவ்வளவு விதிச்சு, எவ்வளவு வசூலாச்சு? இதுவரை எத்தனை விழுக்காடு பணம் போயிருக்கு, வேலை எத்தனை விழுக்காடு முடிஞ்சிருக்கு? கடைசிக் கேள்வியின் இரண்டு எண்ணும் விலகி நின்னா அங்கேதான் ஓட்டை.

பொறுப்புன்னா பேருக்கு இல்லை. 1957 நிதி நடைமுறைச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, நட்டத்தை அதிகாரியிடமே வசூலிக்க இடம் இருக்கு. அந்தப் பிரிவை இந்தத் திட்டத்தில் பயன்படுத்தினாங்களான்னு பெயர் சொல்லிக் கேளுங்க.

தைப்பிங்_அக்கா:
இரண்டு பேரும் கடன் என்று எழுதினதையே பார்க்கிறீங்க. எழுதாதது உத்தரவாதம். டானாஇன்ஃப்ரா (உள்கட்டமைப்புக்கு நிதி திரட்டும் நிறுவனம்), பிரசரானா (பொதுப் போக்குவரத்து நிறுவனம்), பிடிபிடிஎன் (உயர்கல்விக் கடன் நிதி) மாதிரி அமைப்புகள் வாங்கும் கடனுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும். அது 64.6-க்குள் வராது. அந்த அமைப்பால் கட்ட முடியாம போனாதான் நம்ம தலையில் விழும்.

அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில் நடந்ததைப் பாருங்க. 2009-இல் 5 பில்லியன் ரிங்கிட் பத்திரம், 30 ஆண்டு, அரசு உத்தரவாதத்தோட, 2039-இல்தான் முதிருது. 2013-இல் 3 பில்லியன் அமெரிக்க டாலர் பத்திரத்துக்கு நிதியமைச்சு கொடுத்தது ஓர் ஆதரவுக் கடிதம். அந்தப் பத்திரம் மார்ச் 2023-இல் முதிர்ந்தப்போ கட்ட வேண்டிய பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

2024-இல் கணக்காய்வுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அரசு உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களையும் தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்யலாம். ஆகவே கேள்வி: உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களில் எவை தங்கள் சொந்த வருமானத்தில் வட்டி கட்டுது, எவற்றுக்கு அரசாங்கமே ஒதுக்கீடு கொடுத்துக் கட்ட வைக்குது? இரண்டாவது வகையை உத்தரவாதம்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான்.

சிப்புட்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, ஐயா. கால்வாய்க் கேள்வியையும் இதோட சேர்த்துக் கேட்கலாமா?

பால்மரம்:
வேண்டாம். கால்வாயும் தெருவிளக்கும் பெரும்பாலும் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு வரிக் காசு, கூட்டரசுக் கடனில்லை. கலந்தா எம்.பி. கால்வாய்க்குப் பதில் சொல்லிட்டு எழுந்துடுவார். 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, அங்கே போங்க. சிலாங்கூர், பினாங்கு மாதிரி தகவல் உரிமைச் சட்டம் பேராக்கில் இல்லாததால், பள்ளிக் கட்டடம் மாதிரி கூட்டரசுத் திட்ட ஆவணத்துக்கு மட்டுமில்ல, கழக ஆவணத்துக்கும் எம்.பி. அல்லது கழக உறுப்பினர் யாராவது வழியாக் கேட்பதே சுலபம்.

எம்.பி.யிடம் வாய்மொழியாப் பதில் வாங்காதீங்க. மக்களவையில் எழுத்துப்பூர்வக் கேள்வியாப் போடச் சொல்லுங்க, பதில் ஆவணமாகிடும். கூட்டத்தொடர் தொடங்குறதுக்குப் பல நாள் முன்னாடியே கேள்வியைக் கொடுத்தாகணும், அதனால் சந்திப்பு அன்னிக்கே தாளைக் கையில் கொடுத்துடுங்க. திட்டத்தின் பெயரைப் பலகையில் உள்ளபடியே மலாயில் எழுதுங்க. நம்ம ஊர்ப் பேச்சில் "புது பில்டிங்"னு எழுதினா எந்த அமைச்சிலும் கோப்பு கிடைக்காது.