வேலை தேடறதுக்கு முன்னாடி "என் பலம் என்ன"ன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஊத்துக்குளிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாத்துட்டிருந்தேன். போன மாசம் நின்னுட்டேன். மறுபடி தேடணும். அப்பா பேங்க் எக்ஸாம் எழுதுங்கறார். கூடப் படிச்சவ சென்னைக்குக் கிளம்பி வா, பிபிஓ-வுல நல்ல சம்பளம்ங்கறா.

ரெஸ்யூமேயைத் திறந்தா பலம்னு போட்ட இடத்துல "கடின உழைப்பு, குழுவாகச் செயல்படுதல்"னு இருக்கு. காலேஜ்ல எங்க கிளாஸ் முழுக்க அதையேதான் எழுதினோம்.

பில் என்ட்ரி வேகமாப் போடுவேன், ஆனா மத்தியானத்துக்குள்ள சலிச்சுப் போயிடும். மாசம் 14-ம் தேதி ஜிஎஸ்டி-யில 2பி, அதாவது நமக்கு வித்தவங்க ஏத்தின பில்லோட பட்டியல், வந்ததும் பர்ச்சேஸோட ஒத்துப் பாக்கறது மட்டும் பிடிக்கும். ஒரு டையிங் பில் 2பி-ல வரவே இல்லை, அதை விட்டுத் தள்ளுன்னாங்க. எனக்கு விட மனசில்லை. டையிங்காரங்களுக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டா, எங்க முதலாளியோட இன்னொரு கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல ஏத்தி வச்சிருக்காங்க. அன்னைக்கு சாப்பாடே மறந்துபோச்சு.

நின்னது சம்பளத்துக்காக இல்லை. சரக்கே வராத பில்லை என்ட்ரி போடச் சொன்னாங்க, மனசு ஒப்பல. அது வேற கதை, விடுங்க. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு, ரொம்ப தூரம் போக முடியாது.

"முதல்ல உன்னைத் தெரிஞ்சுக்கோ"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படின்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. டெஸ்ட் ஏதாவது இருக்கா?

கரூர்_மாணவன்:

இருக்குங்க அக்கா. அமெரிக்கத் தொழிலாளர் துறையோட ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர், காசு கிடையாது, 60 கேள்வி. மனுசங்களோட வேலை நாட்டத்தை ஆறு வகையாப் பிரிச்ச ஜான் ஹாலண்டோட முறையிலதான் அது ஓடுது. 1959-லயே அவர் எழுத ஆரம்பிச்ச விஷயம். கருவி, ஆராய்ச்சி, கலை, சேவை, வியாபாரம், ஒழுங்குன்னு ஆறு. எனக்கு ஆராய்ச்சியும் கருவியும் மேல வந்துச்சு. கேள்வி இங்கிலீஷ்ல இருக்கும், கடைசியில காட்டற வேலையெல்லாம் அந்த ஊர் வேலை. அதை விட்டுட்டு, எந்த ரெண்டு வகை மேல வருதுன்னு மட்டும் பாருங்க.

கோவை_ஆட்சேர்ப்பு:

தங்கச்சி, டெஸ்ட் எழுதுங்க, தப்பில்லை. ஆனா அது உங்களுக்கு எது பிடிக்கும்னுதான் சொல்லும். உங்களுக்கு எது வரும், எதை விட்டுக்கொடுக்க மாட்டீங்கன்னு அது சொல்லாது. நான் கோவையில பம்ப் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் குடுக்கறவன். ரொம்ப வருசமா எதிர்ல உக்காந்து "உங்க பலம் என்ன"ன்னு கேட்டுட்டிருக்கேன். குணத்தைச் சொல்றவங்க யாரும் மனசுல நிக்க மாட்டாங்க. நடந்ததைச் சொல்றவங்க நிப்பாங்க. நீங்க அந்த டையிங் பில் கதையை எங்கிட்டச் சொல்லியிருந்தா, மேல எதுவும் கேட்காம அடுத்த ரவுண்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அதுல என்ன இருக்குன்னு பாருங்க. கணக்கு ஒத்து வரலைன்னா உங்களால தூங்க முடியல. விடுன்னு சொன்னப்பவும் விடலை. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்குப் போன் போட்டு விஷயத்தை வாங்கத் தெரியுது. இது மூணும் தணிக்கை வேலைக்கு வேண்டியது. என்ட்ரி வேகமாப் போடறது உங்களுக்கு வரும், ஆனா அது உங்களை உறிஞ்சுது. அதை ரெஸ்யூமேல முதல் வரியாப் போட்டீங்கன்னா அந்த வேலையைத்தான் குடுப்பாங்க, அடுத்த வருசமும் இதே கேள்வியோட நிப்பீங்க. நல்லா வர்றது எல்லாமே பலம் இல்லைங்க. செஞ்சு முடிச்சதும் இன்னும் கொஞ்சம் செய்யலாம்னு தோணுதே, அதுதான் பலம்.

உங்களோட வேலை பாத்த ரெண்டு மூணு பேருக்குப் போன் பண்ணுங்க. "என் பலம் என்ன"ன்னு கேட்டா நல்லவ, பொறுமைசாலின்னு சொல்லி வச்சுடுவாங்க. "எந்த மாதிரிப் பிரச்சினை வந்தா முதல்ல என்னைக் கூப்பிடுவீங்க"ன்னு கேளுங்க. வர்ற பதிலை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க.

இனி, "வேற கதை, விடுங்க"ன்னு தாண்டிப் போனீங்களே, அதை நான் விட மாட்டேன். சரக்கு வராம பில்லை மட்டும் வச்சு இன்புட் எடுக்கறது, அதாவது அந்த பில்லுல இருக்கற வரியை நம்ம வரியில கழிச்சுக்கறது, ஜிஎஸ்டி சட்டம் 132-வது பிரிவுல குற்றம். சட்டம் தெரிஞ்சோ தெரியாமலோ நீங்க சம்பளத்தை விட்டுட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு எது முக்கியம்னு இதைவிட எந்தத் தாள் காட்டிடும்? நேர்மை, குடும்பம், பணம், மரியாதைன்னு பட்டியல் போட்டா எல்லாரும் எல்லாத்துக்கும் டிக் அடிப்பாங்க. ஷாலோம் ஷ்வார்ட்ஸ்னு ஒரு உளவியலாளர் 1992-ல பத்து மதிப்புகளை வட்டமா அடுக்கிக் காட்டினார். பக்கத்துல இருக்கறது ஒத்துப்போகும், எதிர்ல இருக்கறது மோதும். பாதுகாப்பை இறுக்கிப் பிடிச்சா, புதுசைத் தேடிப் போற சுதந்திரம் குறையும். அதனால ரெண்டு ரெண்டா மோத விட்டுத்தான் பாக்கணும். சம்பளம் அதிகம், கணக்கு சுத்தமில்லை. சம்பளம் கம்மி, கணக்கு சுத்தம். இதுல நீங்க ஏற்கெனவே முடிவு சொல்லிட்டீங்க. சென்னையில நல்ல சம்பளம், அம்மா பக்கத்துல இல்லை. இங்கயே இருந்தா அம்மாவைப் பாத்துக்கலாம், கையைக் கொஞ்சம் கடிக்கும். இதுலயும் சொல்லிட்டீங்க. இன்னும் முடிவாகாதது ஒண்ணுதான்: அரசு வேலையோட நிம்மதியா, தனியார்ல சீக்கிரம் கத்துக்கறதா? அதை மட்டும் ஒரு வாரம் யோசிங்க.

வங்கி_கவுண்டர்:

நான் பொதுத்துறை வங்கியில கிளார்க். அப்பா சொல்றாருன்னு இறங்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோ கண்ணு. ஐபிபிஎஸ்-னு வங்கிகளுக்கு ஆள் எடுக்கற தேர்வுல கிளார்க்னா ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும், அந்த மாநிலத்து மொழி தெரிஞ்சிருக்கணும். போஸ்டிங்கும் அந்த மாநிலத்துக்குள்ளதான். பிஓ, அதாவது ஆபீசர்னா இந்தியா முழுக்க எங்க வேணா போடுவாங்க. அம்மாவை விட்டுப் போக முடியாதுன்னா இந்த வித்தியாசம் பெருசு.

வேலை எப்படின்னா, பகல் முழுக்க ஆளுங்க முகம்தான். பென்ஷன் வாங்க வர்ற தாத்தா, நகைக்கடன், பாஸ்புக் பிரிண்ட். எனக்கு அது உயிர். தேடிக் கண்டுபிடிக்கற வேலை உனக்குப் பிடிக்கும்னா கவுண்டர்ல அது கம்மி. சாயந்திரம் கேஷ் டேலி ஆகாத அன்னைக்குத்தான் உனக்கு வேலை! அப்பாவுக்கு அரசு வேலைதான் வேணும்னா, டிஎன்பிஎஸ்சி குரூப் 2, 2ஏ-வுல உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில உதவி ஆய்வாளர்னு ஒரு பதவி வரும். பஞ்சாயத்து, நகராட்சிக் கணக்கையெல்லாம் தணிக்கை பண்றது. அதை அப்பாகிட்டக் காட்டு.

செங்கல்பட்டு_ராஜா:

கடன் கழுத்தை நெரிக்கறப்ப இதெல்லாம் யோசிக்க நேரம் இருக்காதுங்க. கிடைச்ச வேலையில சேருங்க. உள்ள போனதுக்கப்புறம் தேடுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன், நல்லாத்தான் இருக்கேன்.

கோவை_ஆட்சேர்ப்பு:

ராஜா சொல்றதும் சரி. வீட்டுல அரிசி இல்லைன்னா முதல்ல அரிசி. ஆனா யோசிக்கறதுக்கு வேலையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும்.

ஊத்துக்குளிப்பொண்ணு:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. பழைய கம்பெனி ஸ்டோர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். "எந்தக் காகிதம் காணாமப் போனாலும் உன்னைத்தான் கூப்பிடுவேன்"னாங்க. அப்பா தணிக்கைத் துறைன்னதும் சிலபஸ் எடுத்துட்டு வான்னு சொல்லிட்டார். அதுவரைக்கும் திருப்பூர்லயே ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். ஏன் நின்னீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா பழைய முதலாளியைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகாதா?

கோவை_ஆட்சேர்ப்பு:

பழைய இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை கெட்டதாச் சொல்ல வேண்டாம். "பில்லும் சரக்கும் ஒத்துப்போற இடத்துல வேலை பாக்கணும்னு நினைக்கிறேன் சார்"னு மட்டும் சொல்லுங்க. ஆடிட்டருக்குப் புரியும், மேற்கொண்டு கேட்க மாட்டார். அப்படியும் தோண்டினா, "அவங்க கணக்கை வெளிய பேசறது முறையில்லை சார்"னுடுங்க. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி-ன்னு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற கடைசி நாள் வரும், அந்த நாள்ல எல்லாம் ராத்திரி எத்தனை மணி ஆகும்னு நீங்களும் கேட்டுடுங்க, அம்மாவுக்குத் தோதா இருக்கணுமே. பி.காம்-ல 55 சதவீதம் இருந்தா சிஏ-வோட முதல் பரிட்சையான ஃபவுண்டேஷனை எழுதாம நேரா அடுத்த கட்டமான சிஏ இன்டர்ல சேரலாம், அதையும் அங்கயே விசாரிங்க.