கிரிட்டில் வாடிக்கையாளர் பெயருக்குப் பதில் எண் வருது – உதவி தேவை

தேக்கா_தம்பி:
வணக்கம். சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் மாமாவோட பூக்கடைக்கு லிப்ரே ஆபிஸ் பேஸ்ல (டேட்டாபேஸ் மென்பொருள்) ஆர்டர் பதிவு செஞ்சு கொடுத்திருக்கேன். "ஆர்டர்" டேபிள்ல வாடிக்கையாளர் எண் மட்டும்தான் இருக்கு. பேரு, புளோக் (அடுக்குமாடிக் கட்டட எண்) எல்லாம் "வாடிக்கையாளர்" டேபிள்ல. அதனால ஃபார்ம்ல உள்ள கிரிட்ல (வரிவரியா காட்டுற அட்டவணை) 17, 23, 17னு எண்ணாவே வருது. "யாருப்பா இந்த 17?"ங்கிறார் மாமா. ரெண்டு டேபிளையும் ஜாயின் பண்ணின (இணைச்ச) குவெரியை (தகவல் எடுக்கிற கட்டளையை) ஃபார்முக்குக் கொடுத்துப் பார்த்தேன். பேரு வருது, ஆனா புது வரி சேர்க்க விடமாட்டேங்குது. தீபாவளி மாலை ஆர்டர் தொடங்கறதுக்குள்ள முடிக்கணும்.

ஈசூன்_வாசி:
ரெண்டு டேபிளோட பிரைமரி கீயும் (ஒவ்வொரு வரியையும் தனியா அடையாளம் காட்டுற ஃபீல்ட்) குவெரில இருக்கா? ஒண்ணு விட்டுப்போனாலும் பேஸ் பூட்டிடும்.

பழைய_நிரலன்:
அது சரிதான், ஆனா அந்தப் பூட்டைத் திறக்காதீங்க தம்பி. திறந்துட்டா, கிரிட்ல யாராவது "செல்வி"யை அழிச்சுட்டு "கமலா"ன்னு அடிக்கும்போது மாறுறது அந்த ஆர்டர் இல்ல. வாடிக்கையாளர் டேபிள்ல இருக்கிற பேரு. செல்வியோட பழைய ஆர்டர் மொத்தமும் கமலா கணக்குல நிக்கும்.

பதிவு பண்ற கிரிட்டுக்கு லிஸ்ட் பாக்ஸ்தான் (பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கிற பெட்டி) சரி. ஃபார்மை ஆர்டர் டேபிளோடவே திரும்ப இணைங்க. எடிட் மோட்ல எண் காலத்தோட (நெடுவரிசையோட) தலைப்புல ரைட் கிளிக், "ரீப்ளேஸ் வித்", லிஸ்ட் பாக்ஸ். அப்புறம் அந்தக் காலத்தோட டேட்டா டேப்ல வகையை எஸ்கியூஎல்னு (டேட்டாபேஸ் கட்டளை மொழி) வச்சு, உள்ளடக்கத்துல இதை எழுதுங்க (கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்துல அடிச்சுக்குங்க):

செலெக்ட் "பெயர்", "எண்" ஃப்ரம் "வாடிக்கையாளர்" ஆர்டர் பை "பெயர்"

முதல் காலம் கண்ணுக்குத் தெரியறது. சேமிக்க வேண்டியது எதுன்னு சொல்றது பவுண்ட் ஃபீல்ட். அங்க எண்ணிக்கை 0ல தொடங்கும், அதனால 1 போடுங்க. 0 போட்டா பேரைக் கொண்டுபோய் எண் ஃபீல்டுல திணிக்கப் பார்க்கும்.

தேக்கா_தம்பி:
பேரு வந்துடுச்சு, புது வரியும் ஏறுது. நன்றிண்ணே! ஆனா லிஸ்ட்ல ரெண்டு செல்வி, எந்தச் செல்வின்னு தெரியல. இன்னொண்ணு, புது வாடிக்கையாளரைச் சேர்த்தா ஃபார்மை மூடித் திறந்தாத்தான் பேரு வருது.

பழைய_நிரலன்:
"பெயர்" இருந்த இடத்துல "பெயர்" || ', ' || கோவாலெஸ்("புளோக்", '') போடுங்க. கோவாலெஸ் (காலியா இருந்தா பதிலுக்கு வேற மதிப்பு கொடுக்கிறது) கட்டாயம், புளோக் நிரப்பாத ஆளுக்கு அது இல்லாட்டி மொத்த வரியும் வெறுமையாயிடும். ரெண்டாவதுக்கு மூடித் திறக்க வேண்டியதில்ல. கர்சரை அந்தக் காலத்துல வச்சு, நேவிகேஷன் பார்ல "ரிஃப்ரெஷ் கன்ட்ரோல்" அழுத்துங்க. பக்கத்துல இருக்கிற வெறும் "ரிஃப்ரெஷ்" வேற.

ஈசூன்_வாசி:
மாமா அடுத்து பேரு வாரியா அடுக்கச் சொல்வார், பாருங்க. 😄 அந்தக் காலத்துல சார்ட் அழுத்தினா உள்ள இருக்கிற எண் வரிசையிலதான் அடுக்கும். அதுக்கு உங்க பழைய ஜாயின் குவெரியை இன்னொரு ஃபார்ம்ல, பார்க்க மட்டும்னு வச்சுக்குங்க.