புரோபாட்: டேவ் குரோல் தனியாக உருவாக்கிய தொகுப்பா?

கேள்வி: 2004இல் சதர்ன் லார்ட் இசை நிறுவனம் வெளியிட்ட ‘புரோபாட்’ என்ற ஹெவி மெட்டல் (கனத்த, உரத்த ராக் இசைவகை) பாடல் தொகுப்பு, ஃபூ ஃபைட்டர்ஸ் என்னும் அமெரிக்க ராக் குழுவின் டேவ் குரோல் ஒருவருடைய படைப்பு என்கிறார்கள். அப்படியானால் பாட்டுக்குப் பாட்டு குரல் மாறுவது ஏன்?

மறுமொழி 1: இசையமைத்து, கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ் ஆகியவற்றில் பெரும்பகுதியை அவரே வாசித்துப் பதிவுசெய்த பின், இளமையில் தாம் விரும்பிக் கேட்ட பாடகர்களை அவர் அணுகினார்; வெனம் குழுவின் குரோனோஸ், மோட்டார்ஹெட்டின் லெம்மி, செல்டிக் ஃப்ராஸ்டின் டாம் வாரியர், கிங் டயமண்ட் முதலியோர் அவ்விசைக்குப் பாடிக்கொடுத்தனர்.

மறுமொழி 2: லெம்மி தம் பாடலில் பேஸும் வாசித்திருக்கிறார். அட்டை ஓவியம், வோய்வோட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் வரைந்தது.

மறுமொழி 3: ஒவ்வொரு பாடலும் அதைப் பாடியவரின் பழைய குழுவை நினைவூட்டும்படி அமைந்திருப்பதே இதன் நுட்பம். ஆயினும் குரோனோஸின் முதற்பாடலுக்கு ஈடாக மற்றவை எனக்குப் படவில்லை.