ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எரர் காட்டுகிறது

பாலக்கோடு ஸ்டுடியோ:
கல்யாண வேலையெல்லாம் 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. பாக்கெட் சைஸ், தனி அடாப்டர் கிடையாது. விண்டோஸ் 10. சிஸ்டத்தை ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து எழுப்பினால் டிஸ்க் டக் டக் என்கிறது, போல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு பாட்டுக்கு ஓடுகிறது, கடைசியில் ஐ/ஓ டிவைஸ் எரர். பிடுங்கிச் செருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்கிறது. தர்மபுரியில் ஒரு கடையில் பார்மேட் பண்ணச் சொல்கிறார்கள். ஆல்பம் டெலிவரி ஆகாத பார்ட்டிகளின் படம் உள்ளே இருக்கிறது, வழி சொல்லுங்க.

ஓசூர்க்காரன்:
பார்மேட் வேண்டவே வேண்டாம்ணா. டிஸ்க் பிழையைத் தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கும் இப்போது ஓட்டாதீங்க, டிஸ்க் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தால் அது இன்னும் கெடுத்துவிடும். முதலில் படங்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்க. அப்புறம் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு சி5 வரியைப் பாருங்க, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர் (டிஸ்க்கில் டேட்டா பதியும் சின்னத் துண்டு) கணக்கு அது. 0 என்றால் நிம்மதி, ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்குங்க. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 157 வந்திருக்கிறதா? டிஸ்க் திடீரென்று கழன்றுபோனதாக விண்டோஸ் எழுதிவைக்கும் எண்.

அரூர் மணி:
எந்த போர்ட்டில் செருகியிருக்கீங்க? டிஸ்க்குக்குள் நின்ற தட்டு மறுபடி சுழல ஆரம்பிக்கும் அந்த சில நொடிதான் கரண்டை அதிகம் இழுக்கும், வண்டியைக் கிளப்புகிற மாதிரி. யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. கேபினெட் முன்பக்க போர்ட், நீட்டு கேபிள் இரண்டும் சேர்ந்தால் அதுவும் முழுசாக வந்து சேராது. டக் டக் சத்தம் அதனாலும் வரலாம்.

பாலக்கோடு ஸ்டுடியோ:
முன்பக்கம்தான் சார். காப்பி ஓடி முடிந்தது. சி5 0 காட்டுகிறது, 157 வரிசையாக நிற்கிறது, எல்லாம் சிஸ்டத்தை எழுப்பின நேரம்.

ஓசூர்க்காரன்:
அப்போ டிஸ்க் பிழைத்தது. பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் நீல 3.0 போர்ட்டில், கூட வந்த குட்டை கேபிளோடு செருகுங்க. பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய், சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் பண்ணுங்க, டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்டில், கரண்டை மிச்சப்படுத்த அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்க. சில டிஸ்க் தன் போர்டிலேயே டைமர் வைத்துத் தானாகத் தூங்கும், அது விண்டோஸ் பேச்சைக் கேட்காது, கம்பெனி சாஃப்ட்வேரில்தான் மாற்ற வேண்டும்.

அரூர் மணி:
அதற்கும் அடங்கவில்லை என்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்கிப் போடுங்க. சாப்பிடப் போகும்போது எஜெக்ட் கொடுத்துவிட்டே போங்க.